வைத்தியரின் மூன்றாம் கை

இரவில் வாவியிலே தோணி விடுகிறவர்களுக்கு ஒன்று தெரியும். ஒருவர் விளக்குப் பிடிக்க, மற்றவர் வலையைப் பார்க்கிறார். விளக்குப் பிடிப்பவரின் கை சோர்ந்தால், மற்றவருக்குக் கண் இருந்தும் பயனில்லை. சத்திரசிகிச்சைக் கூடத்திலும் இதே சிக்கல் உண்டு.

பித்தப்பைக் கல்லுக்கு முன்னர் வயிற்றை நீளமாக வெட்டினார்கள். இன்று பல இடங்களில் மூன்று நான்கு சிறு துளைகளே போதும். வயிற்றுக்குள் காபனீரொட்சைட்டு வாயுவைச் செலுத்தி உப்பச் செய்து, தொப்புளருகே கமரா பொருத்திய குழலை நுழைக்கிறார்கள். உள்ளே இருப்பது திரையில் பெரிதாகத் தெரியும். வைத்தியர் திரையைப் பார்த்தே வேலை செய்கிறார். ஜேர்மனியில் எரிக் மூஹே 1985இல் இவ்வாறு பித்தப்பையை அகற்றினார். இந்தியாவில் டொக்டர் உத்வாடியா 1990இல் பம்பாயில் இதைத் தொடங்கினார். காயம் சிறிதானால் வேலைக்கு விரைவில் திரும்பலாம். காணியை விட்டு வந்து, அன்றாடக் கூலியில் அடுப்பெரிக்கும் குடும்பத்துக்கு இது பெரிய விடயம்.

வைத்தியரின் இரு கைகளிலும் ஆயுதங்கள் இருப்பதால் கமராவை உதவியாளரே பிடிக்கிறார். நேரம் போகப் போக அவர் கை நடுங்கும். அந்தச் சிறு நடுக்கமும் திரையில் பெரிதாகத் தெரியும். "இடப்பக்கம், இன்னும் கிட்ட" என்று வைத்தியர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதற்காகக் கலிபோர்னியாவில் உருவான 'ஏசொப்' என்னும் இயந்திரக் கை 1994இல் அமெரிக்காவில் பாவனைக்கு வந்தது. பின்னர் அது வைத்தியரின் குரலுக்கே அசைந்தது. இங்கிலாந்தில் வேறு வழி கண்டார்கள். 'எண்டோஅசிஸ்ட்' கருவியில் வைத்தியர் தலையைத் திருப்பும் பக்கம் கமராவும் திரும்பும். ஆனால் காலால் மிதியை அழுத்தினால் மட்டுமே. இல்லாவிட்டால், தாதி ஏதோ கேட்க வைத்தியர் தலையாட்டும்போதெல்லாம் படமும் ஆடும்! 'ஃபிரீஹேண்ட்' என்னும் சிறிய கருவியும் இவ்வழியில் வந்ததே. 'ஏசொப்' இப்போது விற்பனையில் இல்லை.

இத்தகைய கருவிகளுக்குப் பணம் வேண்டும், பழுதுபார்க்க ஆளும் வேண்டும். எமது பகுதிகளுக்கு நன்கு பழகிய ஓர் உதவியாளரின் கையே இன்றைக்குப் பொருத்தம் என்பது எமது எண்ணம். செலவைக் குறைக்க வேறு வழிகளும் உண்டு. வடகிழக்கு இந்தியக் கிராமங்களில் டொக்டர் ஜே. ஞானராஜ் போன்றோர் வாயு செலுத்தாமல், வயிற்றுச் சுவரை மேலே தூக்கிப் பிடித்து இச்சிகிச்சையைச் செய்துள்ளனர்.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு இச்சிகிச்சை என்றால், சம்மதப் பத்திரத்தில் கையொப்பமிடுமுன் தயங்காமல் கேளுங்கள்: எத்தனை நாள் தங்க வேண்டும், எப்போது பாரம் தூக்கலாம், துளை வழி முடியாவிட்டால் என்ன செய்வார்கள்? சிலவேளை இடையில் பெரிய வெட்டுக்கு மாற நேரும். பெரும்பாலும் அது நோயாளியின் பாதுகாப்புக்காகவே. வாயுவினால் ஓரிரு நாள் தோள் வலிக்கலாம், பயப்பட வேண்டாம். ஆனால் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, கண் மஞ்சளாதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.