பல்துன்னப் போர்வை: இலக்கியமும் இல்லமும்

முன்னுரை

மனிதனின் மானம் காப்பது ஆடை. கிழிந்த ஆடையைக் காப்பது ஊசியும் நூலும். உழவைப் போற்றும் அளவிற்கும் நெசவைப் போற்றும் அளவிற்கும் தையலை நாம் போற்றுவதில்லை. அதிலும், நைந்த புடவைகளை அடுக்கித் தைத்துப் போர்வையாக்கும் வீட்டுக் கைவினை ஏட்டில் ஏறாமலே காலம் கழித்து வருகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் நைனார்பாளையத்தில் பிறந்தவன் யான். மார்கழிப் பனியில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அனைவரும் நன்னி தைத்த போர்வைக்குள்தான் உறங்கினோம். அப்போர்வையைத் தமிழ் இலக்கியத்தின் துணைகொண்டு விளங்கிக்கொள்வதும், அதனைத் தைக்கும் முறையை மாணவர்க்கு எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

சொல்லும் பொருளும்

தைத்தல் தொழிலைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் 'துன்னல்' என்பதாகும். துன்னுதல் என்பதற்கு நெருங்குதல், பொருந்துதல் என்னும் பொருள்களும் உண்டு. பிரிந்து கிடக்கும் இரண்டை நெருங்கச் செய்வதே தையல் என்பதை இச்சொல்லே உணர்த்திவிடுகிறது. 'தையல்' என்னும் சொல்லோ அழகையும் பெண்ணையும் தைப்பு வேலையையும் ஒருசேரக் குறிக்கும். இதனைக் கொண்டு, தையல் மகளிர்க்கு மட்டுமே உரிய வேலை என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, மருவூர்ப்பாக்கத்துத் தொழில்வல்லார் வரிசையில் ஆடை தைக்கும் துன்னகாரரையும் தோல் தைக்கும் துன்னரையும் தனித்தனியே சுட்டுகிறது. துணியாலும் நெட்டியாலும் கைவினைப் பொருள் செய்வோரும் அவ்வரிசையில் இடம்பெறுகின்றனர். துணியால் அழகுப் பொருள் செய்து கொடுக்கும் கலை நமக்குப் புதியதன்று என்பதற்கு இது தக்க சான்றாகும்.

தையற்காரர் விரலில் அணியும் காப்பினை இன்றும் 'அங்குஸ்தான்' என்றே வழங்குகின்றனர். பாரசீகத்திலிருந்து வந்து தமிழ்நாட்டுத் தையற்கடையில் நிலைத்துவிட்ட சொல் அது. ஊசி போகுமிடமெல்லாம் சொல்லும் போயிருக்கிறது.

சங்கப் பாடல்களில் துன்னம்

சங்கப் புலவர்கள் ஒட்டுத்தையலை வறுமையின் அடையாளமாகவே காட்டினர். புறநானூற்றின் 136-ஆம் பாடலில் துறையூர் ஓடைகிழார், ஆய் அண்டிரனிடம் தம் நிலையை உரைக்கிறார். அவருடைய உடையில் எண்ணற்ற தையல்கள். அத்தையல்களின் இடுக்கிலே பேன்கள். தம்மை வருத்தும் பகைகளை எண்ணத் தொடங்கும் புலவர், பசியையும் வழிப்பறி செய்வோரையும் கூறுமுன் முதற்பகையாகக் கூறுவது அந்தப் பேன்களையே. தையல் ஓடிய உடைக்கு அவர் கண்ட உவமை யாழ்ப் பத்தரின் புறப்பகுதி. கையிலிருந்த யாழே, மேனியிலிருந்த கந்தைக்கு உவமையாயிற்று.

முடத்தாமக்கண்ணியாரின் பொருநராற்றுப்படையிலும் இத்தகைய காட்சி உண்டு. கரிகாலனைக் காணச் சென்ற பொருநனின் உடை, வேர்வையில் நனைந்து, வேறு வேறு இழைகள் நுழைந்து ஒட்டுப்பட்டுக் கிடந்தது. அரசன் அதனைக் களையச் செய்து, இழை ஓடிய வழி கண்ணுக்குப் புலனாகாத, பாம்பின் உரி போன்ற மெல்லாடையை வழங்கினான். ஆற்றுப்படை மரபில் பரிசில் என்பது பழையதை நீக்கிப் புதியதை அணிவிப்பதாகும்.

இங்கு ஒரு வினா எழுகிறது. அந்தக் கந்தையில் வேற்றிழை நுழைத்துத் தைத்த கை எது? பாணன் மனைவியின் கையோ, தாயின் கையோ, பொருநனின் சொந்தக் கையோ, நாம் அறியோம். புரவலனின் கொடையைப் பாடிய பாடல், அந்தக் கையைப் பாடவில்லை. வீட்டிற்குள் நிகழும் கொடை அரசவையின் கண்ணில் படுவதில்லை.

கந்தையின் பெருமை

கந்தையை இழிவாகக் கருதாத மரபும் ஒன்றுண்டு. துறவியரும் சூஃபி ஞானியரும் ஒட்டுப்போட்ட அங்கியை எளிமையின் சின்னமாக விரும்பி அணிந்தனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள், தம் காலணியைத் தாமே செப்பனிட்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தியை நம்மில் பலர் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். அதைக் கேட்டு வளர்ந்த வீடுகளிலும் ஆண்பிள்ளையின் கையில் ஊசியைக் கண்டால் நகைப்பவர் உண்டு. இம்முரண்பாடு சிந்திக்கத்தக்கது.

வங்காளத்தில் பழம்புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையலால் இணைக்கும் போர்வைக்குக் 'காந்தா' என்று பெயர். நம் 'கந்தை'யும் அச்சொல்லும் உறவுடையன என்பர். புடவைக் கரையிலிருந்து உருவிய நூலையே தையலுக்குப் பயன்படுத்துவது அங்குள்ள பழைய வழக்கம். கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வழித்தோன்றல்களான சித்தி இனப் பெண்கள் 'கவந்தி' என்னும் ஒட்டுப்போர்வையைத் தைக்கின்றனர். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை அடைவது அவர்கள் முறை. நான்கு மூலைகளிலும் துணியை மடித்துப் பூப்போல் வைத்துத் தைத்தால்தான் போர்வை நிறைவு பெற்றதாகக் கொள்வர். இந்து, இஸ்லாமிய, கிறித்துவ சமயங்களைச் சார்ந்த சித்திகள் அனைவர்க்கும் இது பொதுக்கலை. 2004-ஆம் ஆண்டில் அவர்களுக்கென ஒரு கூட்டுறவு அமைப்பும் தோன்றியது.

கடல் கடந்தும் ஒரு சான்று காட்டலாம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரில் வாழும் கறுப்பினப் பெண்கள், உழைத்துத் தேய்ந்த உடைகளையே போர்வைகளாக்கினர். மிசௌரி பெட்வே என்பவர் மறைந்த தம் கணவரின் வேலை உடைகளை 1942-இல் வெட்டி இணைத்து, அவர் நினைவாகப் போர்த்திக்கொள்ள ஒரு போர்வை தைத்தார். அவ்வூர்ப் போர்வைகள் 2002-ஆம் ஆண்டில் ஹூஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டப்பட்டு உலகின் கவனத்தைப் பெற்றன.

நன்னியின் போர்வை

இனி என் வீட்டுச் செய்தி. 2000-ஆம் ஆண்டில் யான் கல்லூரி விடுதிக்குப் புறப்பட்டபோது நன்னி ஒரு போர்வையை மடித்துக் கையில் கொடுத்தார். அம்மாவின் பழைய வாயில் புடவை இரண்டு, நன்னாவின் கைலி ஒன்று, யான் அணிந்த பள்ளிச் சீருடையின் முதுகுப்பகுதி ஆகியன அதில் இருந்தன. விடுதி அறையில் அதை விரித்த முதல் நாளே உடனிருந்தோர் நகைத்தனர். மறுநாள் ஆலைப் போர்வை ஒன்றை வாங்கிக்கொண்டேன். நன்னியின் போர்வை பெட்டியின் அடியில் கிடந்தது. விடுமுறையில் ஊர் திரும்பியபோது நன்னி பெட்டியைத் திறந்தார். மடிப்புக் கலையாமல் இருந்த போர்வையை எடுத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. துவைத்து, கொடியில் உலர்த்தி, மீண்டும் அதே மடிப்பில் பெட்டிக்குள் வைத்தார். அடுத்த ஆண்டு நன்னி காலமானார்.

ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காகப் பொருநராற்றுப்படையைப் பயின்றபோது, வேற்றிழை நுழைந்த உடை என்னும் செய்திக்கு வந்தவுடன் என்னால் மேலே படிக்க இயலவில்லை. பொருநனாவது அரசன் ஆடை கொடுத்த பின்னரே கந்தையை நீக்கினான். யானோ, கொடையையே கந்தை என்று எண்ணி ஒளித்து வைத்தவன்.

கல்வராயனின் மறுபக்கம்

எங்கள் ஊரிலிருந்து மேற்கே தெரியும் கல்வராயன் மலையின் மறுபக்கத்தில், அம்மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. அங்கு வாழும் லம்பாடிப் பெண்களின் பூத்தையல், நாளடைவில் வழக்கொழிந்து, முதிய பெண்கள் சிலரின் நினைவிலும் பழம்பாவாடைகளிலும் மட்டுமே எஞ்சியிருந்தது. 1993-இல் அப்பள்ளத்தாக்கில் மருத்துவப் பணியைத் தொடங்கிய மருத்துவ இணையர் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி ஆகியோரின் முயற்சியால், 2006-ஆம் ஆண்டை ஒட்டி அக்கலை மீட்சி பெறத் தொடங்கியது. முதியோரிடம் கேட்டுக் கேட்டு இளைய பெண்கள் கற்றனர். அவர்கள் அமைத்த சங்கத்திற்குப் 'போர்கை' என்று பெயர். லம்பாடி மொழியில் அதற்குப் பெருமிதம் என்பது பொருள். அறிந்த கைகள் சில எஞ்சியிருந்தமையால்தான் அம்மீட்சி இயன்றது. ஒரு தலைமுறை தாழ்ந்திருந்தால் கேட்பதற்கு ஆள் இருந்திராது.

தைக்கும் முறை

நன்னியிடம் கேட்கத் தவறியதை, நாற்பது வயதைக் கடந்த பின்னர் அம்மாவிடம் கேட்டேன். தங்கை மகளுக்குப் பிறக்கவிருந்த குழந்தைக்கு ஒரு சிறு போர்வை தைப்பது என்று முடிவாயிற்று. கற்ற முறையை மாணவர்க்காகச் சுருங்கக் கூறுகின்றேன்.

1. துணி தேர்தல்: பலமுறை துவைத்து மென்மையான பருத்தித் துணியே ஏற்றது. பாலியெஸ்டரைப் பருத்தியோடு கலக்கக் கூடாது. புதுத்துணியைச் சேர்ப்பதாயின் முதலில் நனைத்து உலர்த்த வேண்டும்; இல்லையேல் பின்னர் அது சுருங்கித் தையலை இழுத்துவிடும்.

2. அளவும் அடுக்கும்: கைக்குழந்தைக்கு ஏறத்தாழ 36 அங்குல அகலமும் 45 அங்குல நீளமும் போதும். மூன்று அல்லது நான்கு அடுக்குகள் வைக்கலாம். வலுவான துணி அடியிலும், வண்ணத் துண்டுகளை இணைத்த துணி மேலும் அமைய வேண்டும்.

3. தற்காலிகத் தையல்: அடுக்குகளைத் தரையில் சுருக்கமின்றி விரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் பெரிய தையல்களால் பிணைத்துக்கொள்ள வேண்டும். ஓரத்தை முதலில் பிணைத்தால் நடுவில் சுருக்கம் தங்கிவிடும். வேலை முடிந்ததும் இத்தையலைப் பிரித்துவிடலாம்.

4. ஓட்டுத்தையல்: கால் அங்குலத்திற்கு ஒரு தையலாக, ஒரு விரற்கடை இடைவெளியில் வரிவரியாக ஓட்ட வேண்டும். ஒவ்வொரு தையலும் எல்லா அடுக்கையும் ஊடுருவிச் செல்கிறதா என்று அடிப்புறத்தைத் திருப்பிப் பார்ப்பது நன்று. நூலின் முடிச்சு அடுக்குகளுக்கு இடையே மறைய வேண்டும். குழந்தையின் மேனியில் அது உறுத்தலாகாது.

5. ஓரம்: விளிம்பை அரை அங்குலம் உள்மடித்து, புடவைக் கரையை வைத்துத் தைத்தால் போர்வை நெடுநாள் உழைக்கும்.

"ஒரு முழத்துக்கு மேல நூல் எடுத்தா சிக்கிக்கும்பா" என்று அம்மா முதல் நாளே எச்சரித்தார். கேளாமல் நீள நூலெடுத்துச் சிக்கலைப் பிரிப்பதிலேயே ஓர் இரவைக் கழித்தேன். முதல் நான்கு வரிகள் கோணலாயின. பரவாயில்லை என்று விட்டுவிட எண்ணினேன். அம்மா கத்தரிக்கோலின் நுனியால் நான்கையும் பிரித்து, "இப்பத் தையி" என்று துணியைத் திருப்பித் தந்தார். மாணவர் கட்டுரையில் சிவப்பு மையால் கோடிடும் எனக்கு, அன்று மாணவன் நிலை எத்தகையது என்பது விளங்கியது. நாள்தோறும் இஷா தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரமாக, இரண்டு மாதங்களில் போர்வை நிறைவு பெற்றது. நன்னியின் போர்வையில் கிழியாது எஞ்சியிருந்த நன்னாவின் கைலித்துண்டு அதன் நடுவில் இடம்பெற்றது. தங்கை மகள் அதைக் கையில் வாங்கியதும் முதலில் அந்தத் துண்டைத்தான் தடவிப் பார்த்தாள்.

இப்பெரும்பணி இயலாதோர் சிறியவற்றில் தொடங்கலாம். இரு துணித்துண்டுகளை இணைத்துக் கண்ணாடிக் கூடு தைக்கலாம். பழைய சட்டையிலிருந்து நூலட்டைக்கு உறை தைக்கலாம். ஆசிரியர்க்கோ நண்பர்க்கோ பெயரின் முதலெழுத்தை இட்டுக் கைக்குட்டை தைத்துக் கொடுக்கலாம். ஒருவர்க்கொருவர் அன்பளிப்புச் செய்து நேசத்தை வளர்த்துக்கொள்ளுங்கள் என்பது நபிமொழி. அன்பளிப்பின் விலை பற்றி அதில் பேச்சில்லை.

முடிவுரை

சங்கப் புலவர் கண்ட துன்னமும், வங்கப் பெண்ணின் காந்தாவும், சித்தியரின் கவந்தியும், நைனார்பாளையத்து நன்னியின் போர்வையும் ஒரே செயலின் பல வடிவங்களாகும். வேறு துணியின்றித் தைத்த ஒட்டு வறுமையைக் காட்டும். ஒருவர்க்கென்று அமர்ந்து தைத்த ஒட்டு, தைத்தவரின் நாள்களைப் பெறுபவர்க்குத் தந்துவிடுகிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வேற்றுமையை அறிய, தைத்தவரை அறிந்திருக்க வேண்டும்.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்திலும் ஊசி பிடித்த முதிய கை ஒன்று இருக்கக்கூடும். வரும் விடுமுறையில் அவர் அருகில் அமர்ந்து, ஒரு வரியேனும் தைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அவர் தைத்துத் தந்த போர்வை ஏதேனும் பெட்டியின் அடியில் கிடந்தால், அதை இன்றே எடுத்து, அவர் காணுமாறு போர்த்திக்கொள்ளுங்கள்.