ஒரு கிண்ணம், பல நாடுகள்

சிங்கப்பூர் ஆற்றின் கரையில் வெண்ணிறச் சுவர்களுடன் நிற்கிறது எம்பிரஸ் பிளேஸ் கட்டடம். 19ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட இக்கட்டடத்தில் நெடுங்காலம் அரசாங்க அலுவலகங்கள் இயங்கிவந்தன. பிறப்பைப் பதிவு செய்யவும் குடியுரிமை பெறவும் நம் முன்னோர் பலர் இங்குதான் வந்தனர். இன்று இது ஆசிய நாகரிக அரும்பொருளகம். 2015ஆம் ஆண்டில் இதனுடன் புதிய பகுதிகள் சேர்க்கப்பட்டன. அப்போது திறக்கப்பட்டதே, தாங் காலத்துக் கப்பலின் சரக்குகளைக் காட்டும் கூ டெக் புவாட் காட்சிக்கூடம்.

அக்கப்பலின் கதை 1998ஆம் ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்தது. இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுக்கு அருகே கடலட்டை எடுக்க மூழ்கிய மீனவர்கள், கடலடியில் மட்பாண்டங்கள் குவிந்து கிடப்பதைக் கண்டனர். அவை ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய வணிகக் கப்பல் ஒன்றின் சரக்குகள். கிண்ணம் ஒன்றில் பொறிக்கப்பட்டிருந்த சீன ஆண்டுக் குறிப்பு கி.பி. 826ஐக் குறித்தது. கப்பலின் காலத்தைக் கணிக்க அது பெரிதும் உதவியது.

மீட்கப்பட்ட பொருள்கள் ஏறத்தாழ 60,000. அவற்றுள் பெரும்பாலானவை சீனாவின் சாங்ஷா சூளைகளில் சுட்ட கிண்ணங்கள். பெரிய சாடிகளுக்குள் அவற்றைச் சுருள் வடிவில் நெருக்கமாக அடுக்கியிருந்தனர். பூ, பறவை, மீன் ஆகியவற்றின் ஓவியங்கள் அவற்றை அழகுசெய்கின்றன. ஒரே அச்சில் வார்த்தவைபோல் அவை தோன்றினாலும், கைவினைஞர்கள் ஒவ்வொன்றையும் தூரிகையால் வரைந்துள்ளனர். எனவே, எந்த இரு கிண்ணங்களும் முற்றிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

பொருள்கள் சீனாவைச் சேர்ந்தவை. கப்பலோ அரபு நாட்டு முறையில் கட்டப்பட்டது. அதன் பலகைகளை ஆணியால் அறையவில்லை. கயிற்றால் தைத்து இணைத்திருந்தனர். மேற்கு ஆசியச் சந்தைகளை நோக்கிச் சென்றதாகக் கருதப்படும் அக்கப்பல், தென்கிழக்காசியக் கடலில் மூழ்கியது. இத்தகைய கப்பலால் நெடுந்தொலைவு செல்ல முடியுமா என்று ஐயுறுவோருக்கு 2010ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. அதே முறையில் ஓமானில் கட்டப்பட்ட 'மஸ்கட்டின் மாணிக்கம்' என்ற பாய்மரக்கப்பல், கொச்சி, காலி ஆகிய துறைமுகங்களின் வழியாகச் சிங்கப்பூரை வந்தடைந்தது.

அப்படியானால், இந்தக் கிண்ணம் யாருடைய மரபுடைமை? வனைந்தவருடையதா, சுமந்தவருடையதா, வாங்கக் காத்திருந்தவருடையதா? அரும்பொருளகம் இதற்குத் தன் காட்சி முறையிலேயே விடை தருகிறது. முன்பு இங்குள்ள கூடங்கள் சீனா, தெற்காசியா, மேற்காசியா என வட்டாரவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. இப்போதோ வணிகம், சமய நம்பிக்கை போன்ற கருப்பொருள்களின் அடிப்படையில் பொருள்கள் வைக்கப்பட்டுள்ளன. எந்த நாட்டுப் பொருள் என்பதோடு, அது எவரையெல்லாம் இணைத்தது என்பதையும் பார்வையாளர்கள் சிந்திக்கின்றனர்.

இத்தொகுப்பைப் பற்றிய கருத்து வேறுபாடும் உண்டு. இந்தோனேசிய அரசாங்கத்தின் அனுமதியுடன் தனியார் நிறுவனம் ஒன்றே பொருள்களை மீட்டது. வணிக நோக்கில் விரைந்து அகழும்போது, எந்தப் பொருள் எங்கே கிடந்தது என்பன போன்ற அரிய சான்றுகள் அழிந்துபோகும் எனத் தொல்லியலாளர்கள் பலர் கண்டித்தனர். அதனால், வாஷிங்டனில் 2012ஆம் ஆண்டில் நடத்தவிருந்த கண்காட்சியை ஸ்மித்சோனியன் நிறுவனம் கைவிட்டது. மறுதரப்பினரோ, அகழாமல் விட்டிருந்தால் கொள்ளையர்கள் அனைத்தையும் சூறையாடியிருப்பர் என்றனர். சரக்கில் பெரும்பகுதியைச் சிங்கப்பூர் 2005ஆம் ஆண்டில் ஏறத்தாழ 32 மில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அதனால், பொருள்கள் ஏலத்தில் சிதறிப்போகாமல் ஒரே தொகுப்பாக நிலைத்தன.

தனிக் கிண்ணம் ஒன்று வீட்டு அலமாரியை அழகுபடுத்தலாம். ஆனால், ஆயிரக்கணக்கான கிண்ணங்கள் ஓரிடத்தில் சேர்ந்திருந்தால்தான், 9ஆம் நூற்றாண்டிலேயே தொலைதூரச் சந்தைக்கெனப் பெருமளவில் பொருள்கள் தயாரிக்கப்பட்டன என்ற வரலாறு புலப்படும். அரும்பொருளகத்தில் ஒரு பொருளைக் காணும்போது அதன் அழகை மட்டும் வியந்து நகர்ந்துவிடக் கூடாது. அது எங்கிருந்து புறப்பட்டது, யார் கைகளைக் கடந்தது, எப்படி இங்கு வந்து சேர்ந்தது என்றும் கேட்க வேண்டும். அக்கேள்விகளே நம்மைப் பார்வையாளர் நிலையிலிருந்து ஆய்வாளர் நிலைக்கு உயர்த்தும்.