நெடுஞ்சாலையும் நம் சரக்கும்

உற்பத்தி செய்வது பாதி வேலை. விலை கிடைக்கும் இடத்துக்குப் பொருளைக் கொண்டு சேர்ப்பது மறு பாதி. இம்மறு பாதியைப் பற்றி நம் அங்கத்தினர்கள் போதிய அளவு சிந்திப்பதில்லை. ஆகையால் இம்மாதப் பாடத்துக்கு ஒரு சாலையை எடுத்துக்கொள்வோம்.

மேற்கு எல்லையை அடுத்த கோயம்புத்தூரில் தொடங்கி, கீழ்க்கடலை அடுத்த சிதம்பரம் வரை தமிழ்நாட்டைக் குறுக்கே கடந்து செல்வது 81ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. அதன் நீளம் 300 கிலோமீட்டருக்கு மேல். 2010ஆம் ஆண்டில் எண்கள் மாற்றியமைக்கப்படுமுன், கோவை–திருச்சிப் பகுதி 67ஆம் எண் சாலையைச் சேர்ந்திருந்தது. பல்லடத்தில் விசைத்தறி, காங்கயத்தில் தேங்காய் எண்ணெய், கரூரில் படுக்கை விரிப்பு, குளித்தலையில் வாழை, லால்குடியில் நெல் என்று வழிநெடுகச் சரக்குகள் மாறுகின்றன.

சாலை எல்லோருக்கும் பொது. அதன் இலாபமோ வண்டி நிறையச் சரக்கு உடையவனுக்கே. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குளித்தலையிலிருந்து கோவைக்கு லாரி வாடகை 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2 டன் வாழை மட்டும் ஏற்றினால் கிலோவுக்கு 3 ரூபாய் செலவு. பத்துப் பேர் கூடி 10 டன் ஏற்றினால் 60 காசுதான். தனித்து நிற்கும் விவசாயி தோட்டத்திலேயே தரகர் சொன்ன விலைக்கு இணங்குவதன் காரணம் இவ்வித்தியாசமே.

இன்னும் ஒன்று. வெறுமையாகத் திரும்பும் வண்டியின் செலவையும் நாமே சுமக்கிறோம். கோவையிலிருந்து திரும்பும் வழியில் கரூர் இருக்கிறது. அங்குள்ள நெசவாளர் சங்கத்துக்கு நூல் வேண்டும். விவசாயிகள் சங்கமும் நெசவாளர் சங்கமும் முன்கூட்டியே நாள் குறித்துக்கொண்டால், ஒரே வண்டி இருவருக்கும் உதவும், வாடகையும் பங்காகும்.

இதற்கு மூன்று விதிகள் அவசியம்:

1. ஏற்றும் இடத்திலேயே ஒவ்வோர் அங்கத்தினரின் சரக்கையும் நிறுத்து, ரசீது கொடுத்தல் வேண்டும்.

2. வாழைச் சாற்றின் கறை நூலில் பட்டால் போகாது. ஆகவே வண்டியைக் கழுவி உலர்த்தி, தார்ப்பாய் விரித்த பின்னரே நூலை ஏற்ற வேண்டும்.

3. வாடகைக் கணக்கை அடுத்த கூட்டத்தில் எல்லோரும் அறியப் படித்துக் காட்ட வேண்டும். கணக்கில் ஐயம் புகுந்தால் கூட்டு முயற்சி நிலைக்காது.

அங்கத்தினர் சிந்தனைக்கு:

அ. சென்ற மாதம் உங்கள் ஊரிலிருந்து ஒரே சந்தைக்கு எத்தனை வண்டிகள் தனித்தனியே சென்றன?

ஆ. அவற்றுள் பாதிச் சுமையோடு சென்றவை எத்தனை?

விடையை அடுத்த கூட்டத்துக்கு எழுதிக் கொணர்க. உங்கள் சங்கத்தின் முதல் கூட்டு வண்டிக்கு அதுவே திட்டமாகும்.