நுகத்தடியில் பிறந்த சொல்

அம்பாங் நிலையத்தில் எல்.ஆர்.டி. இரயிலில் ஏறும் பயணி, கிளானா ஜெயா தடத்திற்கு மாற மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்தில் இறங்குகிறார். இரு தடங்களும் அங்கே இணைகின்றன. இதனை ஆங்கிலத்தில் ‘ஜாயின்’ என்பர்.

இச்சொல், இலத்தீன் மொழியின் ‘யுங்கெரே’ என்னும் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்தது. மாடுகளை நுகத்தடியில் பூட்டுவதையும் அவ்வினை குறித்தது. நுகத்தடியைக் குறிக்கும் ‘யோக்’ என்ற ஆங்கிலச் சொல்லும் ‘யோகம்’ என்ற வடசொல்லும் அதற்கு உறவானவை. ஒரே நுகத்தில் பூட்டினாலும் மாடுகள் இரண்டே, சுமைதான் பொதுவாகிறது.

தமிழில் ‘இணை’ என்பதற்கு இரட்டை என்ற பொருளும் உண்டு. இணைபவை தம் தன்மையை இழப்பதில்லை. மஸ்ஜிட் ஜாமெக்கில் இணைந்தாலும் ஒவ்வொரு தடமும் தன் வழியே செல்கிறது.

‘கலத்தல்’ அவ்வாறன்று. அந்நிலையத்தின் அருகே கோம்பாக் ஆறு கிள்ளான் ஆற்றில் கலக்கிறது. கலந்தபின் இரு நீரையும் பிரித்தறிய இயலாது. ஆறுகள் கலக்கும் அவ்விடத்தில் 1909இல் திறக்கப்பட்ட மஸ்ஜிட் ஜாமெக் பள்ளிவாசலில் மக்கள் தொழுகைக்குக் கூடுகின்றனர். ‘ஜாமெக்’ என்ற பெயரின் அரபு வேர்ச்சொல்லும் ஒன்றுகூட்டுதலையே குறிக்கிறது.

தடங்கள் இணைகின்றன, ஆறுகள் கலக்கின்றன, மக்கள் கூடுகின்றனர், புதிய மாணவர் வகுப்பில் சேர்கிறார். இந்நான்கையும் ‘ஜாயின் பண்ணுவது’ என்றே சொல்லிப் பழகினால், தமிழ் காட்டும் இந்த நுண்ணிய வேறுபாடுகள் பேச்சிலிருந்து மெல்ல மறைந்துவிடும்.