ஒரு எண்ணை மாத்தினா எல்லாம் மாறணும்!



போன கோடை லீவுக்கு பேட்டையில் எங்க மாமா பட்டறைக்குப் போனேன். பம்ப் மோட்டாரை உட்கார வைக்கிற இரும்புத் தகட்டுக்கு கம்ப்யூட்டரில் படம் போடுறது என் வேலை.

தகட்டின் நீளம் 300 மி.மீ. இரண்டு பக்கமும் ஓரம் 25 விட்டு போல்ட் துளை. ஆக, துளைக்குத் துளை தூரம் 250. திடீர்னு நீளம் 340 வேணும்னு சொன்னாங்க. நான் 300-ஐ 340 ஆக்கினேன். 250-ஐ மறந்தே போனேன்! ஆறு தகடு வெட்டி, துளையும் போட்டாச்சு. ஒரு பக்கம் ஓரம் 25, மறுபக்கம் 65! போல்ட் ஒண்ணுகூட உட்காரலை. மாமா ரெண்டு நாள் துளையை வெல்டிங் வச்சு அடைச்சு, மறுபடி துளை போட்டாங்க. "ஏல மருமவனே, கம்ப்யூட்டர் தப்பு பண்ணலடே. நீ அதுக்கு கணக்கைச் சொல்லல, விடையை மட்டும் சொல்லிட்ட" என்றார்கள்.

அந்த வார்த்தைதான் இன்றைய பாடம்.

ஸ்தபதிகளின் ஓலை

கும்பகோணம் பக்கம் சுவாமிமலையில் வெண்கலச் சிலை செய்யும் ஸ்தபதிகள், சிலையின் உயரத்துக்கு ஒரு தென்னை ஓலையை நறுக்கி மடித்து அளவு குறிப்பார்கள். நவதாளம் என்றால் 9 தாளம். ஒரு தாளம் 12 அங்குலம். மொத்தம் 108. (இது நம்ம ஸ்கேல் அங்குலம் இல்லை, சிலைக்குச் சிலை மாறும்.) முகம் ஒரு தாளம். 54 செ.மீ. சிலைக்கு முகம் 6 செ.மீ.; 90 செ.மீ. சிலைக்கு 10 செ.மீ. உயரம் மாறினால் மற்றதெல்லாம் தானே மாறும்!

கம்ப்யூட்டர் வரைபடத்தில் இப்படி மாறும் அளவுக்கு பாராமீட்டர் என்று பெயர்.

எப்படிச் செய்வது?

ஃப்ரீகேட் என்ற மென்பொருள் 2002 முதல் இருக்கிறது. காசு கிடையாது. அதில்:

1. ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு கட்டத்தில் 340 மி.மீ. என்று எழுதுங்கள். அலகை விட்டுவிட்டால் பின்னால் சூத்திரம் சண்டை போடும்!
2. அந்தக் கட்டத்தில் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் போய், அலையஸ் என்ற இடத்தில் 'நீளம்' என்று பொருள்படும் பெயர் வையுங்கள். இதே போல 'ஓரம்' 25 மி.மீ.
3. துளைத் தூரத்துக்கு எண் எழுதாதீர்கள். கணக்கை எழுதுங்கள்:
 துளைத்தூரம் = நீளம் − 2 × ஓரம்
 340 − 50 = 290. சரியா?
4. படத்தில் அளவு கேட்கும் பெட்டியில் சமக்குறி போட்டால் சூத்திரம் எழுதும் இடம் திறக்கும். ஸ்ப்ரெட்ஷீட், ஒரு புள்ளி, பிறகு நீங்கள் வைத்த பெயர். அவ்வளவுதான்.

கவனம்!

★ ஒரு அளவை ஒரே இடத்தில்தான் எண்ணாக எழுதணும்.

★ நீளத்தை வைத்து துளைத்தூரம், துளைத்தூரத்தை வைத்து நீளம் என்று சுத்த விடாதீங்க. யார் முதல் என்று தெரியாமல் மென்பொருள் பிழை காட்டும்.

★ எண் ஒண்ணா இருந்தா காரணமும் ஒண்ணுன்னு நினைக்காதீங்க. ஓரமும் 25, அடியில் வைக்கும் ஆங்கிளும் 25 என்றால், இரண்டுக்கும் தனித்தனிப் பெயர். இல்லையென்றால் ஓரத்தை மாத்தும்போது ஆங்கிளும் சேர்ந்து மாறிடும்!

★ 'அ', 'ஆ' என்று பெயர் வைத்தால் ஒரு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது.

★ இரும்பை வெட்டும் முன் நீளத்தை ஒரு தடவை 500 ஆக்கிப் பாருங்கள். துளைகள் கூடவே நகர்ந்தால் படம் சரி. நகராத துளைதான் திருடன்!

இந்தச் சோதனைக்கு ஒரு நிமிஷம் போதும். அதைச் செய்யாததுக்குத்தான் எங்க மாமாவுக்கு ரெண்டு நாள் போச்சு.

யோசியுங்கள்: தகட்டின் அகலம் 200, ஓரம் 25. அகலவாக்கில் துளைத்தூரம் என்ன? விடையைச் சொல்லாதீங்க, சூத்திரத்தைச் சொல்லுங்க!