ஒரே கொத்தில் மூன்று நிறம் ஏன்?

கேள்வி: எங்கள் படலைக்கு மேலே படர்ந்த கொடியில் ஒரே கொத்திலேயே வெள்ளை, ரோஸ், சிவப்புப் பூக்கள் இருக்கின்றன. ஒட்டுச்செடி என்கிறார்கள் அயலார். கனடாவிலிருந்து வந்த பெறாமகளோ, "இது ஹனிசக்கிள், பூவில் தேத்தண்ணி போடலாம்" என்கிறாள். எது சரி ஐயா?
– வாசகி, முருங்கன்

பதில்: அம்மா, உங்கள் வீட்டில் நிற்பது இரங்கூன் மல்லிகை. இதன் பழைய தாவரவியல் பெயர் 'குவிஸ்குவாலிஸ்'. இலத்தீனில் அதற்கு 'யார்? எப்படிப்பட்டது?' என்று பொருள். நீங்கள் கேட்டதைத்தான் பெயர் வைத்தவர்களும் கேட்டிருக்கிறார்கள்!

இது ஒட்டுச்செடி அல்ல. வெயிலில் நிறம் மாறுவதாகவும் சிலர் நினைப்பதுண்டு. வெயில் பட்டால் சாயம் வெளுக்கும். இங்கே நிறம் ஏறுகிறதே! ஒரு மொட்டின் காம்பில் நூல் கட்டி மூன்று நாள் பாருங்கள். பின்னேரம் வெள்ளையாக விரிவது மறுநாள் ரோஸாகித் தொங்கும், அதன்பின் சிவக்கும். மூன்று நிறமும் ஒரே பூவின் மூன்று வயது. இதழில் ஆந்தோசயனின் என்ற செந்நிறமி ஊறுவதே காரணம்.

செடிக்கு இதனால் என்ன இலாபம்? இருட்டில் வெள்ளை துலங்கும், வாசனையும் தூக்கலாக இருக்கும். விரலளவு நீண்ட பூக்குழாயின் அடியிலுள்ள தேனை எடுக்க, நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிகள் வரும். நிறம் ஏறிய பூக்களைப் பகலில் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் நாடும்.

பெறாமகள் குழம்பியதிலும் நியாயம் உண்டு. ஜப்பானிய ஹனிசக்கிளும் வெள்ளையாக விரிந்து மஞ்சளாக மாறும். சீனர்கள் அதைப் 'பொன்வெள்ளிப் பூ' என்பார்கள். அவர்கள் மருந்துத் தேநீர் போடுவது அந்தப் பூவில்தான். அதன் இனத்துக் காட்டுக்கொடிகள் நீலகிரி போன்ற குளிர்மலைகளில் உண்டு. உங்கள் கொடி வேறு குடும்பம்: மருதும் கடுக்காயும் இதற்குச் சொந்தம். அருவியாற்றங்கரை மருதமரம் இதற்குப் பெரியப்பா முறை என்றே வையுங்கள்.

வளர்ப்பதில் உங்கள் ஊர்க் களிமண்ணைத்தான் கவனிக்க வேண்டும். சீமெந்துக்குத் தோண்டப்பட்ட அதே மண். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மாரியில் நீரைப் பிடித்துவைக்கும். இரண்டாவதுதான் வேருக்கு ஆபத்து. மண்ணை மேடாக்கி, மணலும் மக்கிய எருவும் கலந்து, வேரடியில் கிளம்பும் கன்றைப் பிரித்து நடுங்கள். புதுத் தளிரில்தான் பூ வரும்; ஆகவே பூத்து ஓய்ந்ததும் வெட்டிவிடுங்கள். வெட்டும்போது கை கவனம்: இலை உதிர்ந்தபின் அதன் காம்பின் அடி காய்ந்து முள்ளாக நிற்கும்.

இதன் விதையைச் சீன வைத்தியத்தில் பூச்சி மருந்தாகக் கொடுப்பார்கள். அளவு மிஞ்சினால் விக்கலும் குமட்டலும் வரும். பிள்ளைகளுக்கு வீட்டில் கொடுத்துப் பார்க்காதீர்கள். பெயர் குழம்பிய பூவில் தேத்தண்ணியும் வேண்டாம், அம்மா. பின்னேரம் படலையடியில் கதிரையைப் போட்டு இருங்கள். வாசனை தானாக வரும்.