மருந்து பிறக்கிற மண்ணு

போன வருஷம் எங்க வீட்டம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று வந்து, நாலு நாளாகக் காய்ச்சல் இறங்கவே இல்லை. கல்ச்சர் டெஸ்ட் எடுத்தோம். ரிப்போர்ட்டில் இருபது மருந்துகளின் பெயர் வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'எஸ்' அல்லது 'ஆர்'. எஸ் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி சாகும், ஆர் என்றால் சாகாது. வங்கியில் கணக்குப் பார்த்த பழக்கம், விரல் வைத்து எண்ணினேன். பதிமூன்று ஆர். நல்லவேளை, மிச்சத்தில் ஒன்று கேட்டது. பத்து நாளில் தேறிட்டாங்க.

அந்தப் பட்டியலில் இருந்த இரண்டு பெயர்கள் மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. ஜென்டமைசின், செஃப்ட்ரியாக்சோன். எங்க மாட்டுக்கொட்டகை மாடத்தில் கிடந்த காலிக் குப்பிகளிலும் இதே பெயர்கள்தான். மாட்டுக்குப் போட்ட ஊசியால்தான் வீட்டம்மாவுக்கு இப்படி ஆச்சு என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் என்ன தொடர்பு என்று படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, பாதை சுற்றிச் சுற்றி மண்ணிலேயே வந்து நின்றது. அதனால்தான் நம்ம உழவர்களுக்கு எழுதுகிறேன்.

எருவிட்ட வயலில் கிடைத்த மருந்து

கோடை மழை விழுந்ததும் ஒரு மண்வாசனை வருமே, அதற்கு முக்கியக் காரணம் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா. ஆக்டினோமைசீட்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. நல்லா மக்கிய குப்பையைக் கிளறினால் வெள்ளையாகச் சாம்பல் பூத்தமாதிரி தெரிவதும் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான்.

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்து ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மன் என்ற மண் விஞ்ஞானி இருந்தார். மட்கு பற்றியே புத்தகம் எழுதினவர். அவருடைய ஆய்வகத்தில் 1943-இல் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற 23 வயது மாணவர் இந்த பாக்டீரியாவின் இரண்டு ரகங்களைப் பிரித்தெடுத்தார். ஒன்று நன்றாக எருவிட்ட வயல் மண்ணிலிருந்து, இன்னொன்று ஒரு கோழியின் தொண்டையிலிருந்து. அவற்றிலிருந்து வந்ததுதான் ஸ்ட்ரெப்டோமைசின். காசநோயைக் குணப்படுத்திய முதல் ஆன்டிபயாடிக் அது. 1952-இல் வாக்ஸ்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மண்ணில் இருக்கிற உயிருக்கு இந்த மருந்து எதுக்கு? ஒரு சிட்டிகை மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். இருக்கிற இரைக்குப் போட்டி. பக்கத்தில் இருப்பவனைத் தள்ளி நிறுத்த ஒவ்வொன்றும் ஒரு ரசாயனத்தைக் கக்கும். அதைத்தான் நாம் எடுத்து மருந்தாக்கிக்கொண்டோம்.

மண்ணுக்குள்ளேயே வைத்து வளர்த்தார்கள்

1960-களுக்குப் பிறகு புது ஆன்டிபயாடிக் கிடைப்பது குறைந்துபோனது. எங்கே தோண்டினாலும் ஏற்கெனவே கண்டுபிடித்ததே திரும்ப வந்தது. காரணம், மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்களில் நூற்றுக்கு ஒன்றுதான் ஆய்வகத் தட்டில் வளரும். மற்ற தொண்ணூற்றொன்பதும் தன் மண்ணை விட்டு வந்தால் வளராது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மண்ணைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, சின்னச் சின்ன ஓட்டைகள் உள்ள ஒரு தகட்டில் ஓட்டைக்கு ஒரு நுண்ணுயிர் வருகிறமாதிரி ஊற்றி, இரண்டு பக்கமும் மெல்லிய சவ்வால் மூடி, மறுபடியும் அதே மண்ணில் புதைத்தார்கள். ஐசிப் என்று அதற்குப் பெயர். சத்து உள்ளே போகும், உயிர் வெளியே வராது. நூற்றுக்கு ஒன்று வளர்ந்த இடத்தில் ஐம்பது வரைக்கும் வளர்ந்தன. அப்படி மெய்ன் மாநிலத்து மண்ணில் கிடைத்த பாக்டீரியாவிலிருந்து வந்ததுதான் டெய்க்ஸோபாக்டின். 2015 ஜனவரியில் உலகத்துக்கு அறிவித்தார்கள். கிருமி தன் சுவரைக் கட்டுகிற செங்கல்லையே பிடித்துக்கொள்ளும் மருந்து இது.

2025-இல் கனடாவிலிருந்து இன்னொரு செய்தி. ஹாமில்டன் நகரத்தில் ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்து மண்ணை எடுத்து, மெதுவாக வளரும் நுண்ணுயிர்களுக்காக ஏறக்குறைய ஒரு வருஷம் காத்திருந்தார்கள் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார். பெனிபேசில்லஸ் என்ற பாக்டீரியா லேரியோசிடின் என்ற புது மருந்துப்பொருளைக் கொடுத்தது. எலிகளில் நன்றாக வேலை செய்திருக்கிறது. மனிதருக்கு மருந்தாக வர இன்னும் பல படிகள் தாண்டணும்.

பூட்டும் சாவியும் ஒரே இடத்தில்

மருந்து பிறந்த மண்ணிலேயே அதைத் தாங்குகிற சக்தியும் பிறந்திருக்கிறது. கனடாவின் வடக்கே 30,000 வருஷம் உறைந்து கிடந்த மண்ணிலும் ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் மரபணுக்கள் இருப்பதை 2011-இல் காட்டினார்கள். அது இயற்கை. எங்கேயோ ஒன்றிரண்டாக இருந்ததைக் கூட்டம் கூட்டமாகப் பெருக்கினது நாம். ஒரே பூச்சிக்கொல்லியைத் திரும்பத் திரும்ப அடித்தால், தப்பித்த பூச்சி மட்டும் பெருகுமே, அதே கதைதான். இதில் கூடுதல் ஆபத்து என்னவென்றால், பாக்டீரியா அந்த மரபணுவைத் தன் பிள்ளைக்கு மட்டும் கொடுக்காது. பக்கத்தில் இருக்கிற வேறு இனத்துக்கும் கைமாற்றிவிடும்.

கொலிஸ்டின் இதற்கு நல்ல உதாரணம். அதுவும் பெனிபேசில்லஸ் கொடுத்ததுதான். வேறெதுவும் கேட்காதபோது மருத்துவர்கள் கடைசியாக எடுக்கும் மருந்து. அதைப் பன்றிக்கும் கோழிக்கும் எடை கூடுவதற்காகத் தீவனத்தில் கலந்தார்கள். 2015-இல் சீனாவில், கொலிஸ்டினை எதிர்க்கும், கைமாறக்கூடிய மரபணுவைப் பன்றியிலும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் கண்டார்கள். இந்தியா 2019 ஜூலையில் உணவுக்கான கால்நடைகளுக்குக் கொலிஸ்டினைத் தடை செய்தது. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் உலகம் முழுக்கச் சுமார் 12.7 லட்சம் பேர் என்பது மதிப்பீடு.

நம்ம பங்கு என்ன?

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் சாணத்தையே ஜீவாமிர்த டிரம்மில் போட்டிருக்கிறேன், ஒரு தடவை இல்லை, பல தடவை. மாட்டுக்குப் போடுகிற மருந்தில் ஒரு பங்கு சிதையாமலே சாணத்திலும் மூத்திரத்திலும் வெளியே வரும். ஜீவாமிர்தமோ நுண்ணுயிரைப் பெருக்குகிற தொட்டி. மருந்து மிச்சம் இருந்தால் நல்ல உயிர்கள் அடிபடும். எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமி இருந்தால், வெல்லமும் பயறு மாவும் போட்டு அதையும் சேர்த்து வளர்க்க வாய்ப்பு உண்டு.

இப்போது நான் செய்வது இது. மடி லேசாக வீங்கினதுமே மூலிகை வைத்தியம். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, பாலை முழுக்கக் கறந்து மடியைக் கழுவிவிட்டு, தண்ணீரில் கரைத்து ஒரு நாளைக்கு எட்டுப் பத்து தடவை, ஐந்து நாள் பூசுவது. மாடு காய்ச்சலில் சுருண்டு படுத்தால் தள்ளிப் போடாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடணும். அவர் ஆன்டிபயாடிக் போட்டால் சொன்ன நாள் முழுக்கப் போட்டு முடிக்கணும், பாதியில் நிறுத்தக் கூடாது. எத்தனை நாள் பாலை ஒதுக்கணும் என்று கேட்டு, அத்தனை நாளும் ஒதுக்கணும். அந்த மாட்டின் சாணம் தனிக் குவியலுக்குப் போகட்டும். உள்ளே கை வைத்தால் சுடுகிற அளவுக்குச் சூடேறி, புரட்டிப் போட்டு மக்கினால் மருந்தும் கிருமியும் பெருமளவு குறையும். முழுசாகப் போய்விடும் என்று சொல்ல முடியாது. வெளியில் வாங்குகிற கோழி எருவையும் அப்படியே மக்க வைத்துத்தான் போடணும்.

பயிரிலும் இந்தக் கதை உண்டு. பக்கத்து வயல்காரர் நெல்லில் இலைக்கருகல் வந்தபோது என்னிடம் கேட்டார்: "மேனேஜர் சார், கடையில ஒரு பாக்கெட் பவுடர் தர்றாங்க. ஒரே தடவ அடிச்சுக்கட்டுமா?" பாக்கெட்டை வாங்கிப் படித்தேன். ஸ்ட்ரெப்டோமைசின், கூடவே டெட்ராசைக்ளின். "அண்ணே, இது காசநோய்க்காரங்களுக்குப் போட்ட மருந்து" என்றேன். அவர் பாக்கெட்டை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். அடிக்கவில்லை.

பாக்டீரியா இலைக்கருகலுக்கு வழி விதையிலேயே தொடங்குகிறது. ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைநேர்த்தி செய்யுங்க. சூடோமோனாஸும் ஆன்டிபயாடிக் சுரக்கிற உயிர்தான், ஆனால் வேர்ப்பக்கத்தில், தனக்குத் தேவையான அளவு மட்டும் சுரக்கும். தழைச்சத்தை அளவுக்கு மீறிக் கொடுக்காதீங்க. நோய் கண்ட வயல் தண்ணீரை அடுத்த வயலுக்குப் பாய விடாதீங்க.

கடைசியாக, ஒரு நோட்டு போடுங்க. தேதி, எந்த மாடு, என்ன மருந்து, எத்தனை நாள், பால் ஒதுக்கின நாள், சாணம் எங்கே போச்சு. ஆறே கட்டம். எங்க கொட்டகைச் சுவரில் ஆணியடித்துத் தொங்குகிறது. போன பதினொரு மாசத்தில் அதில் இரண்டு வரிதான் எழுதியிருக்கிறேன்.